நேதாஜியைச் சுமந்த நீர்மூழ்கி

ஒரு ஜனவரி 23. நம் சங்கத்தில் நேதாஜி பிறந்த நாளையொட்டிக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நீர்மூழ்கிக் கப்பல் வரைந்திருந்தான். பக்கவாட்டில் வரிசையாக வட்ட வட்டமாய் ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் மூக்குக் கண்ணாடியும் தொப்பியுமாக நேதாஜி. வெளியே மீன்கள் நின்று அவரை எட்டிப் பார்க்கின்றன! பரிசு வாங்கிக்கொண்டு போகும்போது, "மாமா, நேதாஜி திமிங்கலம் பார்த்திருப்பார் இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கப்பலுக்கு ஜன்னலே கிடையாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு நேதாஜி தூரத்து மனிதரல்லர். அவர் பிறந்த நாளன்று தெருவெல்லாம் மாலையும் சங்கொலியும்தான். எல்ஜின் சாலையில் உள்ள நேதாஜி பவனில், 1941 ஜனவரியில் அவர் தப்பிச் சென்ற வாண்டரர் கார் இன்றும் நிற்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாம் அங்கே அழைத்துப் போய்க் காட்டுகிறோம். ஆனால் காரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, அதன்பின் அவர் ஏறிய நீர்மூழ்கியைப் பற்றி நமக்குத் தெரியாது. "ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் ஜப்பான் போனார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய மூன்று மாதக் கடல் வாழ்க்கை இருக்கிறது. அதைச் சுமந்த கப்பலுக்கு ஒரு பிறப்பும், ஒரு குறையும், ஒரு முடிவும் உண்டு. அந்தக் கப்பலின் பெயர் யு-180. பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, அது வெறும் எண்தான்.

கடல்வழி ஏன்?

1941 ஜனவரியில் கொல்கத்தாவை விட்டு வெளியேறிய நேதாஜி, பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக அதே ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின் சேர்ந்தார். அங்கே சுதந்திர இந்திய மையம் உருவாயிற்று. வானொலி உரைகள் தொடங்கின. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டிருந்த இந்தியப் போர்வீரர்களைக் கொண்டு ஒரு படையும் திரட்டப்பட்டது. ஆனாலும் 1942-லேயே அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஜெர்மனி ரஷ்யாவில் சிக்கிக்கொண்டிருந்தது, அங்கிருந்து இந்தியாவின் வாசலை எட்ட முடியாது. கிழக்கிலோ 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்து, ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் ஜப்பானியர் கையில் இருந்தார்கள். மலேயாவில் லட்சக்கணக்கான இந்தியர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள். நேதாஜி போக வேண்டிய இடம் அதுதான்.

எப்படிப் போவது? இடையில் சோவியத் நாடு, பிரிட்டிஷ் வசமிருந்த மத்தியக் கிழக்கு, இந்தியா. விமானத்தில் பறப்பதும் ஆலோசிக்கப்பட்டது. கடைசியில் முடிவானது நீர்மூழ்கி. ஜெர்மன் படகு ஒன்று ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியப் பெருங்கடல்வரை கொண்டுவரும். அங்கே ஜப்பானியப் படகு ஒன்று காத்திருந்து அழைத்துக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால் கடலின் நடுவில் இரண்டு புள்ளிகள் சந்திக்க வேண்டும். எதிரியின் கண்ணில் படாமலும் சந்திக்க வேண்டும்.

வேகத்துக்காகப் பிறந்த படகு

ஜெர்மன் நீர்மூழ்கிகள் எல்லாவற்றுக்கும் "யு" என்ற எழுத்தோடு ஓர் எண்தான் அடையாளம். கடலுக்கு அடியில் செல்லும் படகு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. யு-180, பிரேமன் நகரத்து ஏஜி வேசர் கப்பல் தளத்தில் உருவானது. 1941 பிப்ரவரியில் அடிக்கட்டை போட்டு, டிசம்பரில் நீரில் இறக்கி, 1942 மே 16 அன்று கடற்படையில் சேர்த்தார்கள்.

போரில் ஜெர்மனி மிக அதிகமாகக் கட்டியது ஏழாம் வகை என்னும் நடுத்தரப் படகுகளை. அவை அட்லாண்டிக் கடலுக்குப் போதுமானவை. தொலைதூரக் கடல்களுக்காகக் கட்டப்பட்டது ஒன்பதாம் வகை. அதையும் நீட்டிப் பெரிதாக்கிய வடிவம்தான் ஒன்பது-டி. யு-180 அந்த ரகம். நீளம் 87.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு ரயில் பெட்டிகளைக் கோத்தாற்போல. நீர்மேல் இருக்கையில் இடப்பெயர்ச்சி 1,610 டன், மூழ்கிய நிலையில் 1,799 டன். முன்னால் நான்கும் பின்னால் இரண்டுமாக ஆறு டார்பிடோ குழாய்கள். மேல்தளத்தில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்றும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும்.

வெளியே தெரியும் உடல் வேறு, மனிதர்கள் வாழும் உடல் வேறு. உள்ளே கனமான எஃகுக் குழாய் ஒன்று இருக்கிறது. கடலின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடுதலாக அழுத்தும். 200 மீட்டர் ஆழத்தில் அது 20 கிலோ. உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் ஒரு மூட்டை அரிசியை நிறுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அப்படிப்பட்ட குழாயில் ஜன்னல் எப்படி வைப்பது? வெளியுலகத்தைப் பார்க்க பெரிஸ்கோப் ஒன்றுதான் வழி. அதுவும் கேப்டனுக்கு.

இந்தக் குழாயைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிகள். மூடிய எவர்சில்வர் தூக்கு நீரில் மிதக்கும், தண்ணீர் புகுந்தால் அமிழும் அல்லவா? அதே தத்துவந்தான். தொட்டிகளில் கடல்நீரை விட்டால் படகு மூழ்கும். அழுத்திய காற்றால் நீரை வெளியே தள்ளினால் மேலே வரும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அக்காலத்து நீர்மூழ்கி எப்போதும் நீருக்குள்ளேயே ஓடியதல்ல. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், ஆகவே அது நீர்மட்டத்தில்தான் ஓடும். மூழ்கியபின் ஈய பாட்டரியில் ஓடும் மின்மோட்டார்தான் கதி. பாட்டரியில் வேகமாகப் போனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வேகமாக நடக்கும் மனிதனின் வேகத்தில் போனால் ஒரு நாள் அளவுக்கு ஓடலாம். பிறகு மேலே வந்து டீசலை ஓட்டி பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். உண்மையில் அது ஆபத்து வரும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்த ஒரு மேல்நீர்ப் படகு, அவ்வளவுதான்.

இனி யு-180-இன் தனிச் சிறப்புக்கு வருவோம். சிறப்பு என்பதா, குறை என்பதா, நீங்களே முடிவு செய்யுங்கள். மற்றப் படகுகளில் இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள் இருக்கும். யு-180-இல் ஆறு! அதிவேகத் தாக்குதல் படகுகளுக்காக மெர்சிடஸ்-பென்ஸ் செய்த 20 சிலிண்டர் எஞ்சின்கள் அவை. ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன், மொத்தம் 9,000. நீர்மேல் மணிக்கு 20.8 நாட், அதாவது 38 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அன்றைய நீர்மூழ்கிகளில் இது அசாதாரண வேகம். இப்படி ஆறு எஞ்சினோடு கட்டப்பட்டவை இரண்டே படகுகள். ஒன்று யு-180, மற்றது யு-195.

காகிதத்தில் அழகாக இருந்த திட்டம் கடலில் கசந்தது. காற்றோட்டமுள்ள சிறு படகில் சுகமாக ஓடிய எஞ்சின்கள், மூடிய எஃகுக் குழாய்க்குள் சூடேறித் திணறின. எஞ்சின் அறையில் வெப்பம் தாங்க முடியவில்லை. அதைவிட மோசம், புகை கக்கியது. ஒளிந்து போவதற்காகவே பிறந்த படகு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று வானத்தில் எழுதிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? இந்தப் படகில்தான் நேதாஜி ஏறினார்.

டீசல் வாசனையும் கிச்சடியும்

1943 பிப்ரவரி 9 அன்று யு-180 ஜெர்மனியின் வடக்கே உள்ள கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கேப்டன் வெர்னர் முசென்பர்க். படகில் இரண்டு இந்தியர்கள். ஒருவர் நேதாஜி. மற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன், ஜெர்மனியில் பொறியியல் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு நேதாஜியின் செயலாளரானவர். "ஜெய் ஹிந்த்" என்ற வாழ்த்தை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவரும் அவரே. பெர்லினில் ரயில் ஏறும்போது எங்கே போகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

நேதாஜி விட்டுவந்தது ஒரு நகரத்தை மட்டுமல்ல. மனைவி எமிலியையும், 1942 நவம்பர் 29 அன்று பிறந்த மகள் அனிதாவையும் விட்டு வந்தார். குழந்தைக்கு இரண்டரை மாதங்கூட நிறையவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு வங்காளியில் ஒரு கடிதம் எழுதி, மனைவியிடம் கொடுத்து வைத்தார். தான் மீண்டும் ஆபத்தான பாதையில் போவதாகவும், தனக்கு ஏதேனும் நேர்ந்தால் தன்னிடம் காட்டிய அன்பை மனைவிக்கும் மகளுக்கும் காட்ட வேண்டுமென்றும் அதில் கேட்டுக்கொண்டார். தாமும் திரும்பாமல் போகலாம் என்று தெரிந்தே ஏறியிருக்கிறார். மகளை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

நார்வே கரையோரமாக வடக்கே ஏறி, பிரிட்டனைச் சுற்றி வளைத்து அட்லாண்டிக்கில் இறங்கியது படகு. அந்த வடகடலில் குளிர்காலத்தில் நல்ல கப்பலே தாங்காமல் ஆடும். உருண்டையான உடல் கொண்ட நீர்மூழ்கியின் ஆட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள். மூன்று மாதத்துக்கான ரொட்டியும் மாமிசமும் டின்களும் கிடைத்த இண்டு இடுக்கில் எல்லாம் திணிக்கப்பட்டிருந்தன. குளியல் என்ற பேச்சுக்கே இடமில்லை, நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். நேதாஜிக்குக் கிடைத்தது நடைவழி ஓரத்தில் ஒரு படுக்கைத் தட்டு. ஆள் போகும்போதெல்லாம் ஒதுங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் டீசல் வாசனை. போர்வையில், ரொட்டியில், மூச்சில்கூட டீசல் என்று ஆபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கனத்த மாட்டிறைச்சியும் டின் உணவும் நேதாஜிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹசன் படகின் கிடங்கைத் துழாவினார். ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் பருப்பும் முட்டைத் தூளும் அகப்பட்டன. அவ்வளவுதான், அட்லாண்டிக் கடலில் கிச்சடி வெந்தது! நேதாஜியோ தனக்குக் கிடைத்ததைத் தனியாகச் சாப்பிடுகிற ஆளல்லர். ஜெர்மன் அதிகாரிகளையும் அழைத்துப் பரிமாறத் தொடங்கினார். இப்படியே போனால் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்பது ஹசனின் கவலை. வெளியூரில் குடித்தனம் நடத்திய நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அந்தக் கவலை நன்றாகப் புரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசியும் பொடியும் விருந்தினர் வந்தால் என்ன வேகத்தில் கரையும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

அந்த அறையற்ற அறையில் நேதாஜி வேலை செய்துகொண்டே இருந்தார். தம்முடைய 'இந்தியப் போராட்டம்' நூலின் திருத்திய பதிப்புக்காகச் சொல்லச் சொல்ல, ஹசன் எழுதிக்கொண்டார். மற்ற நேரங்களில் ஓர் ஒத்திகை. ஹசன் ஜப்பானியப் பிரதமர் டோஜோவாக உட்கார்ந்து குறுக்குக் கேள்விகள் கேட்க வேண்டும், நேதாஜி பதில் சொல்வார். டோக்கியோவில் ஒரு தவறான சொல் வாயில் வந்துவிட்டால் பின்னால் திருத்திக்கொள்ள முடியாது அல்லவா? கடலடியில் நடந்த அந்த நாடகம் வீண்போகவில்லை. அந்த ஜூன் மாதமே டோஜோவை அவர் நேரில் சந்தித்தார்.

ஒருநாள் யு-180 ஓர் எதிரிக் கப்பலைத் தாக்க அணுகியபோது, இயக்கியவரின் பிழையால் படகு எதிர்பாராமல் மேலே எழுந்துவிட்டதாம். அந்தக் கப்பல் திரும்பி நேராக மோத வந்தது. படகு அவசரமாக மூழ்கும்போது மேல்பகுதியில் உரசல். எல்லாரும் உறைந்து நிற்க, நேதாஜி மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தார். ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லியும் குறித்துக்கொள்ளவில்லையே என்று ஹசனைத்தான் கேட்டார்! ஆபத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த இந்தியரைப் பாருங்கள் என்று கேப்டன் பிறகு தம் ஆட்களிடம் சொன்னாராம். இதுவும் ஹசன் சொன்னதே.

எரிந்த கடல்

இதுவரை வந்தது சாகசம். இனி வருவதைச் சொல்லாமல் விட்டால் கதை இனிக்கும். ஆனால் உண்மையாகாது.

யு-180 பயணிக் கப்பலல்ல, போர்ப் படகு. ஹிட்லரின் கொடிக்குக் கீழ் ஓடிய போர்ப் படகு. 1943 ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கோர்பிஸ் என்ற 8,132 டன் பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை அது டார்பிடோவால் தாக்கியது. எண்ணெய் பற்றி எரிந்தது. கடலே எரிவது போன்ற அந்தக் காட்சி ஹசனை விட்டு அகலவில்லை. வெள்ளையர்கள் உயிர்காப்புப் படகுகளில் ஏற்றப்பட்டிருந்ததையும், பழுப்பு நிறத்தவரான இந்தியரும் மலாய்க்காரரும் ஒரு சிறு தெப்பத்தில் விதியே என்று இருந்ததையும் கண்டதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பிழைத்தவர்கள் சிலரே.

இந்த இடத்தை நான் பலமுறை படித்து நின்றிருக்கிறேன். இந்தியாவின் விடுதலைக்காகப் போகிற ஒருவர் படகுக்குள் இருக்கிறார். அதே படகின் டார்பிடோவால் வெளியே ஏழை இந்தியக் கப்பல் தொழிலாளிகள் சாகிறார்கள். கொல்கத்தா, சிட்டகாங், பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து பிழைப்புக்காகக் கப்பல் ஏறிய பல்லாயிரம் பேரில் அவர்களும் சிலர். நேதாஜியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தப் படகை இயக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அவர் தேர்ந்த பாதையின் விலை என்ன என்பதை அவரும் அறிந்தே இருந்திருப்பார். நாமும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் அந்தத் தெப்பத்து மனிதர்களை மறக்கலாமா?

ஒரு ரப்பர்ப் படகில் வரலாறு

ஏப்ரல் 26 அன்று மடகாஸ்கர் தீவுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில், குறித்த இடத்தில் ஜப்பானியப் படகு ஐ-29 தென்பட்டது. ஏறக்குறைய 109 மீட்டர் நீளம், சிறு விமானம் ஒன்றையே சுமக்கக்கூடிய பெரிய நீர்மூழ்கி அது. பினாங்கிலிருந்து வந்திருந்தது. ஆனால் கடல் கொந்தளித்தது. இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியபடி காத்திருந்தன. நடுக்கடலில், பகலிலும் நீர்மேல் நின்று காத்திருப்பது எத்தனை ஆபத்து! எந்த நேரமும் எதிரி விமானம் வரலாம்.

ஏப்ரல் 28 அன்று நேதாஜியும் ஹசனும் ஒரு சின்ன ரப்பர்ப் படகில் இறங்கினார்கள். அலை தூக்கி எறிந்தது, உடல் முழுக்க நனைந்தது. எப்படியோ ஐ-29-இன் தளத்தில் ஏறிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இரு வேறு நாட்டு நீர்மூழ்கிகளுக்கிடையே கடல் நடுவில் படைசாராத பயணிகள் மாறியது இந்த ஒரு முறைதான் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கடலுக்கு நடுவே அந்தச் சில நூறு அடி தூரத்துக்கு, இந்திய தேசிய ராணுவத்தின் எதிர்காலமே காற்றடைத்த ஒரு ரப்பர்ப் பையில் மிதந்தது என்றால் மிகையாகாது.

எதிர்த் திசையிலும் ஆட்களும் சரக்கும் மாறின. ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் இருவர் யு-180-க்கு வந்தார்கள். பெர்லினில் இருந்த ஜப்பானியத் தூதரகத்துக்காக இரண்டு டன் தங்கக் கட்டிகளும் வந்தன. ஜெர்மன் தொழில்நுட்ப வரைபடங்களும் கருவிகளும் ஐ-29-க்குப் போயின. வந்த இருவரில் ஒருவர் நீர்மூழ்கி வடிவமைப்பு வல்லுநர் ஹிடேயோ தொமொனாகா. 1945-இல் யு-234 என்ற படகில் நாடு திரும்பும் வழியில் ஜெர்மனி சரணடைந்தது. எதிரியிடம் பிடிபட மனமின்றி அவரும் உடன் வந்த மற்றொரு ஜப்பானியரும் தூக்க மருந்தை உண்டு உயிர்விட்டார்கள்.

ஐ-29-இல் இடம் தாராளம். நீர்மூழ்கிப் பிரிவின் தளபதி தெராஓகா தம் அறையையே நேதாஜிக்குக் கொடுத்துவிட்டார். பினாங்கில் வாங்கி வைத்திருந்த இந்திய மசாலாக்களைப் போட்டுக் காரமான குழம்பு சமைத்திருந்தார்கள்! மறுநாள் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்த நாள், ஆகவே விருந்து வேறு. ஏதோ வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது என்று ஹசன் பிறகு சொன்னார். எண்பது நாள் டீசல் ரொட்டிக்குப் பிறகு மசாலா வாசனை வந்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது!

மே முதல் வாரத்தில் சுமத்ராவின் வடமுனைக்கு அருகே சபாங் தீவில் நேதாஜி கரையேறினார். அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ. ஜூலை 2 அன்று சிங்கப்பூர். ஜூலை 4 அன்று ராஷ் பிஹாரி போஸ் இயக்கத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அவர் பேசிய கூட்டங்களில் தோட்டத் தொழிலாளர்கள் திரண்டார்கள். உரைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன. சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி, ராணி ஜான்சி படையின் தலைவியானார். ரப்பர்ப் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள். இந்தியாவையே பார்த்திராத பெண்களும் அவர்களில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

படகுகளின் கதி

நேதாஜியை இறக்கிவிட்ட யு-180 என்னவாயிற்று? திரும்பும் வழியில் ஜூன் 3 அன்று அட்லாண்டிக்கில் போரிஸ் என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. நேதாஜி சிங்கப்பூரில் இறங்கிய அதே வாரத்தில் அது பிரான்சின் போர்தோ துறைமுகம் சேர்ந்தது. அது சேர்ந்ததே பெரிது. அந்த மே மாதம் மட்டும் ஜெர்மனி 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்திருந்தது. ரேடாரும் நெடுந்தொலைவு விமானங்களும் வேட்டையின் திசையையே மாற்றிவிட்டன.

அந்த ஒரே பயணத்தோடு யு-180-இன் ஆறு எஞ்சின் பரிசோதனை முடிந்தது. 1943 செப்டம்பரில் படகைப் பணியிலிருந்து விலக்கி, ஆறு எஞ்சின்களையும் கழற்றி, சாதாரணமான இரண்டு எஞ்சின்களைப் பொருத்தினார்கள். 9,000 குதிரைத்திறன் 2,800 ஆயிற்று. வேகம் 20.8 நாட்டிலிருந்து 15.8-க்கு இறங்கியது. டார்பிடோ குழாய்களையும் எடுத்துவிட்டு, 252 டன் சரக்கு ஏற்றும் படகாக மாற்றினார்கள்.

1944 ஆகஸ்ட் 20. நேச நாட்டுப் படைகள் பிரான்சில் முன்னேறிக்கொண்டிருந்தன. யு-180-உம் அதன் இரட்டையான யு-195-உம் கிழக்காசியா நோக்கிச் சரக்கோடு போர்தோவை விட்டன. யு-195 தப்பி இன்றைய ஜகார்த்தாவை அடைந்தது. யு-180 மூன்று நாள்கூட முழுதாக ஓடவில்லை. ஆகஸ்ட் 23 அன்று பிஸ்கே விரிகுடாவில் மறைந்தது. கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. படகில் இருந்த 56 பேரும் மாண்டார்கள். கேப்டன் முசென்பர்க் முன்பே வேறு பணிக்கு மாறியிருந்ததால் அதில் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1944 ஜூலை 26 அன்று, ஐ-29-ஐ பிலிப்பைன்சுக்கு வடக்கே சாஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர். நேதாஜியோடு அந்தப் படகின் தளத்தில் மாலுமிகள் கூடி எடுத்துக்கொண்ட புகைப்படம் பல நூல்களில் வந்திருக்கிறது. இனி அதைப் பார்க்கும்போது அந்த இளைஞர்களின் முகங்களையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணியாற்றியவர்களில் நால்வரில் மூவர் திரும்பவில்லை என்பது கணக்கு. இரு தரப்பிலும் கடல் யாரையும் விடவில்லை.

நாமும் உள்ளே போய்ப் பார்க்கலாம்

யு-180 போன்ற ஒரு படகுக்குள் நடந்து பார்க்க ஆசையா? அதே ஒன்பதாம் வகையைச் சேர்ந்த யு-505, 1944 ஜூனில் அமெரிக்கரால் பிடிக்கப்பட்டுச் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நமக்குத் தூரம். ஆனால் ஊருக்குப் போகும் வழியிலேயே ஒன்று உண்டு. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போகும் நாம் விசாகப்பட்டினத்தில் காபி வாங்கிக் குடித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம். அந்த ஊர்க் கடற்கரையில், 1969 முதல் 2001 வரை நம் கடற்படையில் பணியாற்றிய ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கி கரையேற்றப்பட்டு 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. ரஷ்யத் தயாரிப்பு, நீளம் 91 மீட்டர். டீசலும் பாட்டரியும் மாறி மாறி ஓடும் அதே தத்துவம். ஏறக்குறைய யு-180 அளவுதான்.

ஒரு விடுமுறையில் அங்கே இறங்கினேன். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவர சில நிமிடங்களே ஆகின்றன. குனிந்து வட்டக் கதவுகளைத் தாண்ட வேண்டும். படுக்கைத் தட்டில் கை வைத்துப் பார்த்தேன், என் உயரத்துக்குக் காலை நீட்ட இடமில்லை. மின்விசிறிக் காற்றிலேயே எனக்கு மூச்சு முட்டியது. இப்படி எண்பது நாள்! வெளியே வந்து கடலையும் வானத்தையும் பார்த்தபோதுதான் அந்த ஒரு வரியின் நீளம் எனக்கு விளங்கியது.

ஓவியம் வரைந்த அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்திருப்பான். அவனைச் சந்தித்தால் இந்த முறை சொல்லிவிடுவேன்: "தம்பி, அதுக்கு ஜன்னல் கிடையாது. நேதாஜி திமிங்கலம் பார்க்கவில்லை. வெளியே எதையுமே பார்க்க முடியாத ஒரு குழாய்க்குள், புகை கக்குகிற எஞ்சினை நம்பி, டீசல் ரொட்டியைத் தின்றுகொண்டு, போய்ச் சேருவோமா என்றே தெரியாமல்தான் போனார். அப்படியும் போனார்."

அடுத்த ஜனவரி 23 அன்று சங்கொலி கேட்கும்போது உங்கள் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். கிச்சடி சமைத்த ஹசனையும், தெப்பத்தில் தவித்த பெயர் தெரியாத கப்பல்காரர்களையும், கடலடியில் உறங்கும் அந்த 56 பேரையும் சேர்த்தே சொல்லுங்கள்.